இழுப்பறையில் குறையும் ஸ்டாம்ப்: புடைப்பு முத்திரையா, துளை எழுத்தா?

விக்டோரியா காலத்து லண்டனில் தினமும் கட்டுக்கட்டாகக் கடிதம் அனுப்பிய நிறுவனங்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. குமாஸ்தாக்கள் ஸ்டாம்பை உருவிக்கொண்டுபோய் விற்றுவிடுவார்கள். அடையாளமில்லாத பென்னி ஸ்டாம்ப் ரொக்கம் மாதிரி; யாரிடமிருந்து போனது என்று சொல்ல முடியாது. இதைத் தடுக்க இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, சொந்தத் தாளிலேயே முத்திரை இடுவிப்பது. 1855 முதல் இதற்கு வசதி இருந்தது. தாளை லண்டனில் வருவாய்த் துறை இருந்த சோமர்செட் ஹவுஸுக்கு அனுப்பினால், அந்தத் துறை அரசியின் தலையுருவைப் புடைப்பாக அச்சிட்டுத் தரும். தாளை உறையாக மடித்து ஒட்டுவதற்கு முன்பே கொண்டுபோவதுதான் நல்லது. இரண்டு அடுக்கின் மேல் அழுத்தினால் புடைப்பு மங்கிவிடும், பின்தாளிலும் தடம் விழும். வேண்டிய தொகைக்கு ஒரே அச்சு இல்லையா? இரண்டு அச்சுகளை அருகருகே இட்டுக் கூட்டிக்கொள்ளலாம். 1872 முதல் தனியார் அஞ்சலட்டைகளுக்கும் இந்த வசதி கிடைத்தது. சிறிய நிறுவனங்கள் எழுதுபொருள் வணிகர் மூலம் போயின. டபிள்யூ. எச். ஸ்மித் போன்றோர் முத்திரையைச் சுற்றித் தங்கள் பெயரை வளையமாக அச்சிட்டு விளம்பரமும் தேடிக்கொண்டார்கள்!

ஆனால் பணம் மொத்தமாக முன்கூட்டியே முடங்கும். முகவரி தப்பினால் உறையோடு முத்திரையும் வீண். வெட்டி வேறு உறையில் ஒட்டலாமா என்றால், அதற்கு ஒரு காலம் அனுமதி, ஒரு காலம் தடை. கட்டணம் ஏறினால் இன்னும் மோசம். 1918 ஜூன் 3 அன்று கடிதக் கட்டணம் ஒரு பென்னியிலிருந்து ஒன்றரை ஆனபோது, கைவசமிருந்த உறைகளுக்கெல்லாம் அரைப் பென்னி சேர்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, ஜோசப் ஸ்லோப்பரின் துளையிடும் இயந்திரம். 1868இல் அஞ்சல் துறை இதற்கு இசைவு தந்தது. சாதாரண ஸ்டாம்பிலேயே நிறுவனத்தின் முதலெழுத்துகளைத் துளைத்துவிடுவார்கள். ஸ்டாம்புத் தாளை மடித்து இயந்திரத்தில் போட்டால் பாதி ஸ்டாம்புகளில் எழுத்து இடவலம் மாறும். ஊசி ஒடிந்தால் துளை விடுபடும். அது பெரிய குறையல்ல, திருடனுக்கு விற்க முடியாமல் போனால் போதும்.

எடை மாறி மாறி அனுப்பும் அலுவலகத்துக்குத் துளை எழுத்தே மேல். ஒரே எடையில் ஆயிரக்கணக்கில் சுற்றறிக்கை அனுப்புகிறவருக்குப் புடைப்பு முத்திரை. ஒட்டும் கூலியாவது மிச்சம்.

சேகரிப்பாளருக்கு ஓர் எச்சரிக்கை. பல புடைப்பு முத்திரைகளுக்குள் சிறிய எண்களில் தேதி இருக்கும். அது அச்சிட்ட நாள். அஞ்சலிட்ட நாள் அல்ல. துளை எழுத்திலும் அவசரம் வேண்டாம். ஒரே முதலெழுத்துகளைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால், உறை கூடவே இல்லாமல் இன்னாருடையது என்று எழுதிவிடாதீர்கள்.