ஒரு வருடச் சந்தா, ஒன்பது மெட்டுகள்: பேன்ஜோ பாடத் தளம் பற்றி

போன வாரம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. கட்டுவதா வேண்டாமா என்று யோசித்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வருடத்தில் ஒன்பது மெட்டுகள் கைக்கு வந்திருக்கின்றன. ஐந்து இந்தத் தளத்தில் கற்றவை, மற்ற நாலும் நூலகத்தில் நடக்கும் ஜாமில், அதாவது பலர் கூடி உட்கார்ந்து வாசிக்கும் கூட்டத்தில், கற்றவை. தளத்தின் பேரை எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த தளங்கள் நாலைந்து இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். சின்ன வயதில் மதுரையில் ஆறு வருடம் வீணை கற்றேன். பேன்ஜோ என்றதும் நம்மூரில் பலருக்கு விசைப்பலகை வைத்த புல்புல் தாரா நினைவுக்கு வரும். நான் சொல்வது ஐந்து தந்தி அமெரிக்க பேன்ஜோ: வட்டமான தோல் முகம், நீளக் கழுத்து. ஐந்தாம் தந்தி மட்டும் குட்டை, அது கழுத்தின் ஐந்தாவது ஃப்ரெட் (குறுக்குக் கம்பி) பக்கத்தில்தான் தொடங்கும். ஒரே சுருதியில் நிற்கும் அந்தத் தந்தியைக் கட்டைவிரல் விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு வந்த வாத்தியம் இது. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோன்டிங்கில் இன்றும் கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி இருக்கிறது. வீணையின் தாளத் தந்திகளைச் சுண்டுவிரலால் மீட்டிப் பழகிய எனக்கு, முதல் தடவை கேட்டபோதே அந்தக் குட்டைத் தந்தி மனதில் ஒட்டிக்கொண்டது.

வாத்தியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழையதாக ஒரு டீரிங் குட்டைம் வாங்கினேன். கலிஃபோர்னியாவில் ஸ்பிரிங் வேலியில் செய்வது, மேப்பிள் மரம், பின்பக்கம் திறந்தது, இரண்டு கிலோவுக்கும் குறைவு. சுருதி நிற்கிறது, மடியில் பாரம் தெரியவில்லை. கற்றுக்கொள்பவருக்கு இது போதும்.

சேருவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வலது கையை. பேன்ஜோ என்றதும் பெரும்பாலானவர்கள் காதில் ஒலிப்பது ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் வேகம். அவர் இந்த மாநிலத்துக்காரர், கிளீவ்லேண்ட் கவுண்டியில் பிறந்தவர். 1949-இல் அவர் பதிவு செய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' கேட்டுத்தான் நானும் இந்தப் பக்கம் திரும்பினேன். ஆனால் எனக்குப் பிடித்துப்போய் நான் கற்றது அதற்கும் பழைய பாணியான கிளாஹேமர். விரல்களைச் சுருட்டி வைத்து, ஆள்காட்டி விரல் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிப்பது, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியை விடுவிப்பது. பம்-டிட்டி, பம்-டிட்டி என்று ஓடும். இரண்டும் வேறு வேறு கை. ஒன்றுக்கு எழுதிய டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதிய தாள்) மற்றதற்கு உதவாது. தளத்தில் இரண்டும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அது நல்லது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு கேமரா: ஒன்று இடது கைக்கு, ஒன்று வலது கைக்கு நேர் மேலே. வலது மணிக்கட்டு எவ்வளவு தூக்குகிறது, கட்டைவிரல் எப்போது ஐந்தாம் தந்தியில் போய் உட்காருகிறது என்பதெல்லாம் பக்கவாட்டில் நின்று பார்த்தால்கூடப் புரியாது. மேலிருந்து பார்த்ததில் புரிந்தது. நாலு பாரை (தாளக் கட்டத்தை) மட்டும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி மாறாது. சொல்லித்தருபவர் நிதானமானவர், வாசித்துக் காட்டுவதற்கு முன் மெட்டைப் பாடிக் காட்டுவார். அந்தப் பாட்டை நான் முதல் மூன்று மாதம் தாவிவிட்டுப் போனேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குறை எங்கே என்றால், படிநிலையில். ஒவ்வொரு மெட்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். 'சோல்ஜர்ஸ் ஜாய்' என்கிற மெட்டுக்கு இரண்டு நட்சத்திரம். முதல் படி முடித்த கையோடு அதை எடுத்தேன். ஆறு வாரம். தினம் முக்கால் மணி நேரம். இடது கை எல்லா இடத்தையும் சரியாகப் பிடித்தது, ஆனாலும் ஒரு தடவைகூட நிற்காமல் கடைசி வரை போக முடியவில்லை. எனக்குக் கை வரவில்லை என்றே நினைத்தேன்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. கிளாஹேமரில் நகம் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே இறங்குகிறது. இரண்டு தட்டுக்கு நடுவே விழும் ஸ்வரத்தை நகம் வாசிக்காது, அது அப்போது மேலே எழும்பிக்கொண்டிருக்கும். அந்த நடு ஸ்வரம் முன் ஸ்வரம் இருக்கிற அதே தந்தியில் இருந்தால், இடது கை விரலைத் தட்டியோ சுண்டியோ எடுத்துவிடலாம். வேறு தந்தியில் இருந்தால், கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை விட்டுவிட்டு உள்ளே இறங்கி வர வேண்டும். இதற்குப் பெயர் டிராப் தம்ப். பம்-டிட்டி ஓட்டம் கெடாமல் கட்டைவிரலை உள்ளே இறக்குவது தனி வித்தை, அதற்கே சில மாதம் பழக வேண்டும். தளத்தில் கற்ற வடிவத்தில் 'சோல்ஜர்ஸ் ஜாய்' முழுக்க இப்படித்தான்: ஸ்வரங்கள் நெருக்கமாக, தந்தி தாண்டித் தாண்டி வரும். நட்சத்திரம் போட்டவர்கள் இடது கை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துப் போட்டது போலிருக்கிறது. மெட்டு முதல் நாலு ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிடுகிறது, அதனால் சுலபம் என்று கணக்கு.

ஆகவே இப்போது புது மெட்டின் டேப் கையில் கிடைத்தால் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. பென்சிலை எடுத்து, தட்டுக்கு நடுவே தந்தி மாறும் இடங்களை வட்டம் போடுகிறேன். பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு பார், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள், மொத்தம் 32 பார். ஒரு பகுதியில் வட்டம் இரண்டு மூன்றுக்குள் இருந்தால் எடுக்கலாம். எட்டைத் தாண்டினால் எனக்கு இப்போதைக்கு வேண்டாம். ஐந்து நிமிட வேலை. ஆறு வாரத்தை மிச்சப்படுத்தும்.

ஜாமில் கற்றது வேறு. எங்கள் பக்கத்து நூலகத்தில் மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை மாலை, மெதுவாக வாசிப்பவர்களுக்கென்று ஒரு கூட்டம். பிடில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் நடத்துகிறார். டேப் தாள் கிடையாது. ஒரு மெட்டைப் பத்து தடவை சுற்றுவார்கள். முதல் மூன்று சுற்று நான் வெறும் தாளம் மட்டும் தட்டுவேன், நாலாவதில் முக்கிய ஸ்வரங்களைத் தொடுவேன், எட்டாவதில் மெட்டு பாதி கையில் இருக்கும். முடிக்கப்போகும்போது பெரியவர் காலைத் தூக்குவார், அதுதான் கடைசிச் சுற்று.

அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒரு சுருதியில் ஆரம்பித்தால் அரை மணி, முக்கால் மணி அதிலேயே இருப்பார்கள். பேன்ஜோக்காரர்கள் ஒவ்வொரு சுருதிக்கும் தந்திகளைத் திருப்பிக் கூட்ட வேண்டும் என்பதால்தான். தளத்தில் நான் கற்ற முதல் மூன்று மெட்டுகள் மூன்று வேறு சுருதி அமைப்பு. ஜாமுக்குப் போனால் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு மெட்டுக்குத்தான் என் கை எழும்பும். ஒரே அமைப்பில் மூன்று நாலு மெட்டு கற்றுக்கொண்டு அப்புறம் அடுத்ததற்குப் போயிருந்தால், முதல் மாதமே உட்கார்ந்து வாசித்திருப்பேன். இதைத் தளம் எங்கேயும் சொல்லவில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

வீணையோ வாய்ப்பாட்டோ தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்புகளை ஸ்வரத்தில் சொன்னால் சட்டென்று விளங்கும். ஓப்பன் ஜி அமைப்பில் நாலாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ப, ச, க, ப. குட்டைத் தந்தி மேல் ச. இரண்டாம் தந்தியை மட்டும் அரை ஸ்வரம் ஏற்றினால் ப, ச, ம, ப: இந்த அமைப்பை 'சாமில்' (sawmill) என்பார்கள். தந்திகளில் காந்தாரமே இல்லை, அதனால் அந்த மெட்டுகளுக்கு ஒரு விட்டேத்தியான, மலையில் தனியாக நிற்பது போன்ற குரல். அங்கிருந்து நாலாம் தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் டபுள் சி. இப்போது ஆதாரமே மாறிவிடுகிறது: ச, ப, ச, ரி, குட்டைத் தந்தி ப. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு தந்திதான் திருகுகிறோம். இந்த வரிசையில் மெட்டுகளையும் கற்றால் காதும் குழம்பாது.

மெட்டுகளிலேயே நமக்குத் தெரிந்த முகங்கள் வரும். 'ஓல்ட் ஜோ கிளார்க்' முதல் வரி ப த நி த ப ம க. நிஷாதம் கைசிகி, ஹரிகாம்போதி ராகம்தான். கமகம் இல்லாத, நேர்க்கோட்டு ஹரிகாம்போதி. 'ஏஞ்சலீன் தி பேக்கர்' கேட்டால் மோகனம். இது தெரிந்த பிறகு இந்த இரண்டும் எனக்கு ஒரு வாரத்துக்குள் மனப்பாடம் ஆயின. படிநிலை என்பது கற்றுக்கொள்பவரின் காதையும் பொறுத்தது. என் பக்கத்தில் உட்காரும் இளைஞருக்கு கிதாரில் நல்ல பழக்கம், அவருக்கு வேறு மெட்டுகள் சுலபம்.

பாட்டுக்கு வருகிறேன். மூன்றாவது மாதம், 'பாயில் தெம் கேபேஜ் டவுன்' வாசித்துக்கொண்டிருந்தேன். ஆரம்பக்காரர்களுக்கென்றே பிறந்தது போன்ற மெட்டு. காந்தாரத்தில் ஆரம்பித்து, மத்யமத்துக்குப் போய், காந்தாரத்துக்குத் திரும்பி, ரிஷபத்தில் நிற்கும். அடுத்த தடவை ஸட்ஜத்தில் வந்து முடியும். நாலே ஸ்வரம். சமையலறையில் அதையே முணுமுணுத்துக்கொண்டு சாதம் வடித்தேன். என் மகள் சொன்னாள், "அம்மா, நீ பாடறப்ப என்ன பாட்டுன்னு தெரியுது. வாசிக்கறப்ப தெரியலை."

உண்மைதான். டேப்பில் இருந்த எல்லா ஸ்வரத்தையும் ஒரே கனத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் தொடும் குட்டைத் தந்தியும், இடையே பல தந்திகளைச் சேர்த்துத் தடவும் கார்டும் (chord), மெட்டின் காந்தாரமும் ஒரே சத்தம். அன்றைக்கு டேப்பை மூடி வைத்துவிட்டு, வாயால் பாடிக்கொண்டே, பாடுகிற ஸ்வரம் வரும் இடத்தில் மட்டும் நகத்தை ஊன்றி அடித்தேன், மற்றதை மேலோட்டமாக விட்டேன். பத்து நிமிடத்தில் மெட்டு வெளியே வந்தது. அதன் பிறகு தளத்தில் அந்த ஆசிரியர் பாடும் பகுதியை ஒரு தடவையும் தாவியதில்லை. பாட வராத மெட்டை எடுப்பதும் இல்லை.

மெட்டுகளைத் தேடிக் கேட்க காசு செலவழிக்கத் தேவையில்லை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்கிற அமெரிக்க நூலகத்தின் தளத்தில் வர்ஜினியாவின் ஹென்றி ரீட் பிடில் வாசித்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிடில்தான், ஆனாலும் மெட்டின் எலும்பு அங்கே தெளிவாகக் கேட்கும். எங்கள் மாநிலத்தின் மவுண்ட் ஏரி பக்கத்து டாமி ஜாரெல் (1901-1985) பிடிலும் பேன்ஜோவும் வாசித்தவர். நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின், தேடி வந்த இளைஞர்களுக்கு வீட்டிலேயே எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1982-இல் தேசிய பாரம்பரிய விருது பெற்றார். ஜூன் தொடக்கத்தில் மவுண்ட் ஏரியில் நடக்கும் பிடில் மாநாட்டுக்கு இந்த வருடம் காரில் போய் வந்தேன். மேடையை விட, வண்டிகளுக்கு நடுவே கூடாரம் போட்டு உட்கார்ந்து வாசிப்பவர்கள் பக்கம்தான் அதிக நேரம் நின்றேன். நான் தளத்தில் கற்ற 'கிரிப்பிள் கிரீக்' அங்கே நாலு கூட்டத்தில் நாலு விதமாகக் கேட்டது. முதல் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு வழுக்கி ஏறுகிற அந்த ஆரம்பம் மட்டும் எல்லாரிடமும் இருந்தது.

சந்தா மாதத்துக்கு 20 டாலர், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 180. வலது கை பழகும் முதல் நாலு மாதத்துக்கு அந்த மேல் கேமரா தாராளமாகப் பெறும். கை ஓட ஆரம்பித்த பிறகு அதே பணத்தை பெட்ரோலுக்குப் போட்டு ஏதாவது ஜாமுக்குப் போகலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை அந்த ஆசிரியரின் பாட்டுக்கு.

வருடச் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. டிராப் தம்ப் பாடம் மட்டும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு மாதம் கட்டியிருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை ஜாமில் டி சுருதி என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்: டபுள் சி அமைப்பு, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), குட்டைத் தந்தி ஏழாம் ஃப்ரெட்டில் அடித்த சின்ன ஆணிக்குக் கீழே. 'ஏஞ்சலீன்' கையில் இருக்கிறது. 'சோல்ஜர்ஸ் ஜாய்' முதல் பகுதியில் பதினொரு வட்டம் போட்டேன். அதில் ஆறு இப்போது நிற்காமல் வருகிறது.