பக்கவாதக் கைக்கு 'பேக்கேஜ்' பிசியோ: மொத்தப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே போன் வரும். "தொண்ணூறு சிட்டிங். மொத்தமா கட்டினா தள்ளுபடி. கை பழையபடி வந்துடும்." அரண்டுபோயிருக்கும் குடும்பம் கட்டிவிடுகிறது. முதல் இரண்டு நாள் மூத்த பிசியோ வருவார். மூன்றாம் நாள் வேறு ஆள், அடுத்த வாரம் இன்னொருவர். தோளிலும் முன்கையிலும் பேட் ஒட்டி இருபது நிமிடம் கரண்ட்; அவ்வளவு நேரமும் வந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கையைப் பிடித்துப் பத்து முறை தலைக்கு மேல் தூக்கி இறக்கிவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்று மாதம் முடியும்போது தோளைத் தொடவிடாத வலியும் மடங்கி இறுகிய விரல்களும்தான் மிச்சம். கேட்டால், "பேஷன்ட் ஒத்துழைக்கல." பாதியில் நிறுத்தினாலும் மீதிப் பணம் திரும்பாது.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் தோள் கெடுவது. வாதம் வந்த புதிதில் கை துவண்டு கிடக்கும். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோளில் ஆழமில்லாத ஒரு குழியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே நிறுத்தி வைப்பது சுற்றியுள்ள தசைகள். தசை செயலிழந்ததும் கையின் எடையே எலும்பைக் கீழே இறக்கிவிடும். தோள் முனைக்குக் கீழே விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படும். இந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. மேலே கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வாதக் கையை உயர்த்தும் பயிற்சி கூடவே கூடாது. அமெரிக்க இதய சங்கமும் பக்கவாத சங்கமும் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே கப்பிப் பயிற்சி வேண்டாம் என்கிறது. கப்பியில் போடும் நோயாளிக்குத் தோள்வலி வரும் என்பது இந்தத் தொழிலில் பழைய சங்கதி. அப்படியிருந்தும் அதை மாட்டிவைத்து அதற்கும் சேர்த்துக் காசு வாங்கும் இடங்கள் இருப்பது கோபம் வரவைக்கிறது.

ஏன் கெடுகிறது? கை 180 டிகிரி முழுதாக உயர்வதில் சுமார் 120 தோள்மூட்டிலிருந்தும் 60 முதுகுப்பக்கம் உள்ள தோள்பட்டை எலும்பு சுழல்வதிலிருந்தும் வருகிறது. இறுக்கம் ஏறிய கையில் அந்த எலும்பு கூடவே சுழலாது. மேற்கையும் உள்பக்கம் திரும்பியே நிற்கும். அப்படியே தூக்கினால் நடுவில் உள்ள தசைநார் இரண்டு எலும்புக்கிடையில் நசுங்குகிறது. வேலை தெரிந்தவர் முதலில் முதுகில் ஒரு கை வைத்துத் தோள்பட்டை எலும்பை முன்னும் மேலும் நகர்த்தித் தளர்த்துவார். மேற்கையை வெளிப்பக்கம் திருப்பிய பிறகே மெதுவாக உயர்த்துவார். எலும்பு நகராதவரை தோள் உயரத்தை, அதாவது 90 டிகிரியைத் தாண்ட மாட்டார். நோயாளி முகம் சுளித்தால் நிறுத்துவார். "வலிச்சாத்தான் கை வரும்" என்று சொல்பவரை அன்றைக்கே நிறுத்துங்கள்.

கரண்ட் வைப்பது முழு ஏமாற்று அல்ல. இறங்கிய தோளுக்கு ஆரம்பத்திலேயே, தோளின் மேல்புறத்திலும் பின்புறத்திலும் பேட் ஒட்டிக் கொடுத்தால் பயன் உண்டு. முன்கையில் ஒட்டும்போது மணிக்கட்டையும் விரலையும் நிமிர்த்தும் புறங்கைப் பக்கத் தசையில் ஒட்ட வேண்டும். கரண்ட் வரும் அதே நொடியில் நோயாளியும் கையை நிமிர்த்த முயல வேண்டும். உள்ளங்கைப் பக்கம் ஒட்டினால் ஏற்கெனவே மடக்கும் தசைதான் இன்னும் மடக்கும். நோயாளி தூங்கிக்கொண்டிருக்க மெஷின் மட்டும் ஓடினால் மூளைக்குப் பயிற்சி இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் பேட்டை எடுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஸ்பான்ஜ் பந்தைக் கொடுத்து "நாள் முழுக்க அமுக்குங்க" என்பதும் மடக்கும் தசைக்குத்தான் வேலை. பெரும்பாலானவர்களுக்கு விரல் மூடுவது முதலில் வந்துவிடும், திறப்பதுதான் வராது. மேஜையில் துண்டை விரித்து அதன் மேல் கையை முன்னே தள்ளுவது, காலி டம்ளரைப் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டு விரலை விடுவது, துணி கிளிப்பைக் கொடியில் மாட்டிக் கழற்றுவது இவையெல்லாம் பயிற்சி. எண்ணிக்கையும் முக்கியம். அமெரிக்காவில் கேத்தரின் லாங் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிட்டிங்கில் நோயாளி பயன்பாட்டு அசைவைச் செய்தது சராசரியாக 32 முறைதான். அதுவே போதாது என்பதுதான் அவர்கள் கவலை. பத்துமுறை, அதுவும் அடுத்தவர் தூக்கிவிட்ட பத்துமுறை, எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்த வலை 'ஸ்பெஷல் தெரபி'. நல்ல கைக்கு உறை மாட்டி வாதக் கையையே வேலை செய்ய வைக்கும் முறை உண்மையானது. 2006-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் மணிக்கட்டையும் சில விரல்களையும் குறைந்தது 10 டிகிரியாவது தானாக நிமிர்த்தக்கூடியவர்களையே சேர்த்தார்கள். விரல் துளியும் அசையாதவருக்கு இதை விற்பது மோசடி. அவருக்குக் கண்ணாடிப் பயிற்சி செய்து பார்க்கலாம்: நடுவில் கண்ணாடி, பின்னால் வாதக் கை, முன்னால் நல்ல கையின் அசைவு. சென்னை ஸ்டான்லியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் துண்டான கையின் வலிக்காகக் கொண்டுவந்த உத்தி இது. வேண்டியது ஒரு சாதாரண நிலைக்கண்ணாடி. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் 'கண்ணாடிப் பெட்டி' தேவையில்லை. இறுக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி சுமார் மூன்று மாதம்தான் வேலை செய்யும், அந்த மூன்று மாதமும் பயிற்சி ஓட வேண்டும். இதைச் சொல்லாமல் ஊசிக்கு மட்டும் பணம் வாங்கினால் கேள்வி கேளுங்கள்.

"வாதம் குணமாகும்" என்று எண்ணெய், லேகியம் விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். தடைப் பட்டியலில் பக்கவாதம் இருக்கிறது. உணர்ச்சி குறைந்த கையில் சுடுநீர்ப் பை வைத்தால் தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்: தோளில் எத்தனை விரல் பள்ளம், முழங்கையிலும் மணிக்கட்டிலும் இறுக்கம் ஆஷ்வொர்த் அளவில் எவ்வளவு (0 முதல் 4 வரை), கை எத்தனை டிகிரி உயர்கிறது, தொடு உணர்ச்சி உண்டா, டம்ளரைப் பிடிக்க முடிகிறதா. நான்கு வாரம் கழித்து அதே அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அளக்காதவரிடம் முன்னேற்றம் என்ற பேச்சே எடுபடக் கூடாது. புறங்கை வீங்கிப் பளபளத்து, சூடாகி வலித்தால் பிசியோவை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பணத்தை சிட்டிங்குக்குச் சிட்டிங், மிஞ்சினால் வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். வருபவரின் பெயர், பிசியோதெரபிப் பட்டம், பதிவு விவரம் ரசீதில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே இலவசமாக வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. அங்கே எதிர்த்தரப்பு நீட்டுவது நீங்கள் கையெழுத்திட்ட அந்த நோட்டைத்தான். ஆள் வராத நாளுக்குச் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வந்த நாளுக்கும் நேரத்தையும் செய்த பயிற்சியையும் உங்கள் கையால் எழுதி, பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.