வார்டில் எடுத்த படம் எதில் போகலாம்: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், நோட்டு

ராத்திரி இரண்டு மணிக்கு ஈசிஜி ஒன்று சந்தேகமாக வந்தால் எந்த சிஆர்ஐயும், அதாவது பயிற்சி மருத்துவரும், போனைத்தான் எடுப்பார். படம் பிடித்து யூனிட் குரூப்பில் போட்டால் யூனிட் தலைவரான சீஃப் வீட்டிலிருந்தே பார்த்துச் சொல்வார். இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு: நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் கழித்து அந்தப் படம் எங்கெல்லாம் கிடக்கும்? நான்கு வழிகளையும் இதை வைத்தே எடைபோடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் 2016 முதலே செய்திகள் பூட்டப்பட்டுத்தான் போகின்றன. நடுவில் யாரும் படிக்க முடியாது. ஒழுகுவதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான். குரூப்பில் இருபது பேர் இருந்தால் இருபது போன். மீடியா விசிபிலிட்டியை அணைக்காதவர் கேலரியில் படம் உட்காரும். பேக்கப் போட்டு வைத்திருந்தால் அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறும். ஊருக்குப் போனால் அதே போனில்தான் அக்கா மகன் கேம் விளையாடுவான். சாட் பேக்கப்பையும் பூட்டும் வசதி 2021-ல் வந்தது, ஆனால் நாமே தேடிப்போய் ஆன் செய்ய வேண்டும். ஒரே முறை திறக்கும் படமாக அனுப்பலாமே என்பார்கள். ஈசிஜி கோட்டில் எஸ்டி செக்மென்ட் என்ற பகுதியை இன்னொரு தடவை பார்க்க நினைக்கும் சீஃபுக்கு அது எரிச்சல்தான்.

டெலிகிராம் பாடப் புத்தக பிடிஎஃப்புக்கு நல்லது. நோயாளி படத்துக்கு வேண்டாம். அதன் குரூப்புகளுக்கு முழுப் பூட்டு கிடையாது. சீக்ரெட் சாட் இருவருக்கு மட்டும். புதிதாகச் சேரும் ஜூனியருக்குப் பழைய பதிவுகளையும் காட்டும் வசதி வேறு.

சிக்னலில் உள்ளிருக்கும் கேமராவிலேயே எடுத்தனுப்பினால் நாமாகச் சேமிக்காதவரை படம் கேலரிக்கு வராது. முகத்தை மங்கலாக்கும் கருவியும் உண்டு. ஒரு வாரத்தில் அழி என்று சொல்லி வைத்தால் அழிந்துவிடும். குறை ஒன்றுதான்: சீஃப் அதில் இருக்க மாட்டார்.

நோட்டு? மதுரை பனகல் சாலை டீக்கடையில் மறந்து வைத்தால் போச்சு. ஆனாலும் தொலைவது ஒரே பிரதி, அதை யாரும் ஃபார்வர்டு செய்ய முடியாது. பெயர் எழுதாமல் படுக்கை எண்ணும் காயத்தின் கோட்டுப்படமும் போட்டால், கேஸ் பிரசன்டேஷனுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

எந்த ஆப்பும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. தைப்பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. மாடு குத்திப் படுகாயம் அடைந்தவர்கள் எங்கள் மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். முகம் இல்லாமல் வயிற்றுக் காயத்தை மட்டும் எடுத்து, 'இன்றைய கேஸ்' என்று ஸ்டேட்டஸ் வைத்துப் பாருங்கள். ஊரே டிவியில் நேரலை பார்த்திருக்கிறது. எந்த வீரர் என்று சொல்லிவிடும். முகத்தை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று நம் பையன்கள் நினைப்பது இந்த ஊருக்குச் சரிவராது. மருத்துவர்களுக்கான 2002 ஒழுக்க விதிகளும் ஆளை அடையாளம் காண முடியுமா என்றுதான் கேட்கின்றன. முகம் தெரிகிறதா என்று மட்டுமல்ல. எச்ஐவி விஷயத்தில் 2017 சட்டம் இன்னும் கறார்: சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளியிடக் கூடாது. கேஸ் ஷீட்டைப் படமெடுக்கும்போது அந்த ரிசல்ட்டும் சேர்ந்து விழலாம்.

என் தேர்வு இது. அவசர ஆலோசனைக்கு வாட்ஸ்அப், ஆனால் குரூப்பில் போடாமல் சீஃபுக்கு மட்டும். பாடத்துக்கு நோயாளியிடம் கேட்டு எடுக்கும் படம் சிக்னலில். மற்றதெல்லாம் நோட்டில். எக்ஸ்ரே பிலிம் மூலையில் பெயரும் ஐபி நம்பரும் (உள்நோயாளி எண்) இருந்தால் எடுக்கும்போதே ஒரு சீட்டால் மறைத்துவிடுங்கள். பிறகு கிராப் செய்துகொள்ளலாம் என்றால், பெயரோடு எடுத்த முழுப்படம் போனிலேயே தங்கிவிடும்.