சோசா எண்முறை: ஐரோப்பிய அரச வம்சங்களில் பல வருடம் பயன்படுத்திய பிறகு

ஐரோப்பிய அரச குடும்பங்களின் உறவைப் படமாக வரைகிறவர்களுக்கு மூன்று தலைமுறை வரை சிரமம் இருக்காது. நான்காவதில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து நிற்பார். ஐந்தாவதில் தாள் முழுக்கக் கோடு. அதற்கு மேல் கைகொடுப்பது படமல்ல, எண். ஹாப்ஸ்பர்க், கோபர்க், ஹெஸ்ஸ, டென்மார்க் வம்சங்களுக்குச் சோசா எண்முறையைப் பல வருடம் பயன்படுத்தியதில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். முன்னோரைப் பதிந்துவைக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் கணக்கு தப்பும்.

விதி சின்னது. யாருடைய முன்னோரைத் தேடுகிறோமோ அவர் 1. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 5இன் அப்பா 10, அம்மா 11. 1ஐ விட்டுவிட்டால் இரட்டைப்படை எல்லாம் ஆண், ஒற்றைப்படை எல்லாம் பெண். 1590இல் மிகேல் ஐட்ஸிங்கர் இதை அச்சில் பயன்படுத்தினார். 1676இல் ஹெரோனிமோ தெ சோசா எடுத்தாண்டார். 1898இல் ஸ்டெஃபான் கெகுலே ஃபான் ஸ்ட்ராடோனிட்ஸ் பரவலாக்கினார். பென்சீன் வளையத்துக்குப் பெயர்போன வேதியியலாளர் கெகுலேயின் மகன்தான் இவர். அப்பா வளையம் போட்டார், மகன் கிளை போட்டார்.

எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் எது இருந்தாலும் போதும். ஒரு நெடுவரிசையில் எண், அடுத்ததில் பெயர், அடுத்ததில் பிறந்த வருடம். தலைமுறையைக் கண்டுபிடிக்க லாகரிதம் போடச் சொல்வார்கள். எண்ணை இருமத்துக்கு (0, 1 மட்டும் கொண்டு எழுதும் முறை) மாற்றும் பேஸ் ஃபங்ஷன் அதைவிட வசதி. 50ஐ மாற்றினால் 110010. முதல் 1 ஆரம்ப ஆள். பிறகு இடமிருந்து வலமாக 1 என்றால் அம்மா, 0 என்றால் அப்பா: அம்மா, அப்பா, அப்பா, அம்மா, அப்பா. வழி முழுக்க அந்த எண்ணுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. இலக்கங்களை எண்ணி ஒன்றைக் கழித்தால் தலைமுறை. முதல் 1க்கு அடுத்த இலக்கம் 0 என்றால் அப்பா வழி, 1 என்றால் அம்மா வழி. கீழே வரும் கணக்குக்கு இது ரொம்ப முக்கியம்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே அட்டவணையில் தெரிய வேண்டுமென்றால், 1661இல் பிறந்து 1700இல் வாரிசில்லாமல் இறந்த ஸ்பெயின் அரசர் இரண்டாம் சார்லஸை 1ஆக வைத்துப் பார்க்கலாம்.

2 நான்காம் ஃபிலிப், 3 ஆஸ்திரியாவின் மரியானா. 4 மூன்றாம் ஃபிலிப், 5 ஆஸ்திரியாவின் மார்கரெட். 6 பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட், 7 ஸ்பெயினின் மரியா அன்னா. இந்த 7, நான்காம் ஃபிலிப்பின் உடன்பிறந்த தங்கை. அதாவது 14 என்பவரும் மூன்றாம் ஃபிலிப்தான், 15 என்பவரும் மார்கரெட்தான். 4 = 14, 5 = 15. நம் பேச்சில் சொன்னால் ஃபிலிப் தன் தங்கை மகளைக் கட்டினார், தாய்மாமன் கல்யாணம். மரியானாவுக்கு முதலில் நிச்சயம் செய்திருந்தது ஃபிலிப்பின் மகன் பால்தசார் சார்லஸுக்கு. அவர் 1646இல் இறந்துபோனார். 1649இல் மாமாவே மாப்பிள்ளையானார்.

பலரும் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். 'மாமன், தங்கை மகள், ஆகவே 0.125' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். 0.125 என்பது உட்கலப்புக் குணகம்: ஒரே முன்னோரின் ஒரே மரபணுப் பிரதி அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு. மரபியலாளர் செவால் ரைட் 1922இல் தந்த சூத்திரத்தைச் சோசா எண்ணோடு சேர்த்தால் இப்படிச் சுருங்கும்: அப்பா வழியில் ஓர் எண்ணும் அம்மா வழியில் ஓர் எண்ணும் ஒரே ஆளுக்கு வந்தால், இரண்டின் தலைமுறையையும் கூட்டி ஒன்றைக் கழி, வந்த எண்ணிக்கை அளவுக்கு அரையை அரையால் பெருக்கு. 4 இரண்டாம் தலைமுறை, 14 மூன்றாம் தலைமுறை; 2 + 3 − 1 = 4; ஆக 1/16. 5க்கும் 15க்கும் இன்னொரு 1/16. மொத்தம் 1/8.

மேலே போனால்தான் விஷயம் தெரியும். 10 இன்னர் ஆஸ்திரியாவின் சார்லஸ், 11 பவேரியாவின் மரியா அன்னா. 12 பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட். இவர் மார்கரெட்டின் அண்ணன். ஆகவே 24 = 10, 25 = 11. ஃபிலிப் மரியானாவுக்குத் தாய்மாமன் மட்டுமல்ல, அப்பாவின் அத்தை மகனும் கூட. 3 + 4 − 1 = 6, அதாவது 1/64; இரண்டு பேருக்கு 1/32. இப்போதே 0.156 ஆகிவிட்டது. இன்னும் ஒரு தலைமுறை ஏறினால், 32 முதல் 63 வரை 32 இடத்துக்கு 18 பேர்தான் இருக்கிறார்கள். பேரரசர் முதலாம் ஃபெர்டினாண்ட் 20இல் ஒருமுறை வந்தது போதாதென்று 36, 46, 48, 60 என்று நான்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

16 தலைமுறை, 3000 பேருக்கு மேல் சேர்த்துக் கணக்கிட்ட ஸ்பானிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. சார்லஸுக்கு அது தந்த எண் 0.254. அண்ணன் தங்கைக்குப் பிறக்கும் குழந்தைக்கான 0.25ஐ விடக் கொஞ்சம் அதிகம். வம்சத்தைத் தொடங்கிவைத்த முதலாம் ஃபிலிப்புக்கு 0.025தான். ஒரு தாய்மாமன் கல்யாணத்தால் வந்த எண் இல்லை இது. பல தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் வந்தது. இணையத்தில் கிடைக்கும் முன்னோர் அட்டவணைகள் பெரும்பாலும் 31ஆம் எண்ணோடு நின்றுவிடுகின்றன. அதை வைத்துப் போட்டால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும்.

கணக்கு குறைவதைவிட மோசமானது கூடிப்போவது. 10க்கும் 24க்கும் ஜோடி போட்டோம். 30ஆம் எண்ணிலும் அதே சார்லஸ் இருக்கிறாரே, 10–30க்கும் ஜோடி போடலாமா? கூடாது. 10இன் பிள்ளை 5, மார்கரெட். 30இன் பிள்ளை 15, அதே மார்கரெட். இரண்டு வழியும் மார்கரெட் வழியாகவே போகிறது. அவர் கணக்கை 5–15 ஜோடியில் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இரண்டு வழியிலும் நடுவில் ஒரே ஆள் வந்தால் அந்த ஜோடியை விட்டுவிட வேண்டும். மென்பொருள் இல்லாமல் கையால் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அடுத்து, பொது முன்னோரே நெருங்கிய உறவில் பிறந்தவராக இருந்தால், ஒன்றோடு அவருடைய குணகத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும். மூன்றாம் ஃபிலிப்பின் குணகம் 0.218, ஆகவே அவர் பங்கு 1/16 அல்ல, கிட்டத்தட்ட 0.076.

இதற்கெல்லாம் வழி, சோசா எண்ணோடு ஆளுக்கு ஒரு நிரந்தர அடையாளமும் வைப்பதுதான். எண் இடத்தைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. பிறந்த பெயர், பிறந்த வருடம், பிறந்த வம்சம் மூன்றையும் சேர்த்து ஓர் அடையாளமாக்கி, பட்டத்தைத் தனி நெடுவரிசையில் போடுங்கள். வெறும் 'பவேரியாவின் மரியா அன்னா' என்று எழுதினால் 11ஆ 13ஆ என்று தெரியாது: 11 பிறந்தது 1551இல், 13 பிறந்தது 1574இல். மூத்தவர் இரண்டாம் ஃபெர்டினாண்டின் அம்மா. இளையவர் அவர் மனைவி, தாய்மாமன் மகள். மாமியாரும் மருமகளும் ஒரே பெயர், ஒரே வீடு. திரும்ப வருகிறவருக்கு மறுபடியும் மேலே விரித்து எழுத வேண்டாம்; '24 = 10' என்று குறித்தால் போதும். 10இன் முன்னோர் எவருக்கும் இருமத்தில் முன்பகுதியை மட்டும் மாற்றினால் 24க்கு மேல் அவருக்கான எண் வந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர் தொல்லை வேறு மாதிரி. டென்மார்க்கின் டக்மர் 1866இல் ரஷ்யாவில் வாழ்க்கைப்பட்டு மரியா ஃபியோதொரோவ்னா ஆனார். அவர் அண்ணன் வில்ஹெல்ம் 1863இல் கிரேக்க அரியணை ஏறி முதலாம் ஜார்ஜ் ஆனார். ஹெஸ்ஸயின் அலிக்ஸ் 1894இல் அலெக்ஸாண்ட்ரா ஃபியோதொரோவ்னா. அவருடைய தாய்மாமன் மனைவியும் ஓர் அலெக்ஸாண்ட்ரா. 1917இல் பிரிட்டிஷ் அரச குடும்பமே விண்ட்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது, பாட்டன்பர்க் மவுண்ட்பேட்டன் ஆனது. ரஷ்யாவின் பழைய நாட்காட்டித் தேதிகளில் 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள், 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாள் வித்தியாசம்: ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் பிறந்த மே 6, 1868, நம் நாட்காட்டியில் மே 18. ஒரே ஆளை இரண்டு ஆளாகப் பதிவது இப்படித்தான் நடக்கிறது.

இன்னொரு நெடுவரிசையும் உண்டு, அது தமிழில் மட்டும்தான் இவ்வளவு சுலபம். ஆங்கில நூல்களில் எல்லாரும் 'ஃபர்ஸ்ட் கஸின்'. அந்தச் சொல்லில் வழி தெரியாது. தமிழ் உறவுப்பெயரை எழுதினால் வழி தானாகத் தெரியும். ஆல்பர்ட் விக்டோரியாவுக்கு மாமன் மகன். ஐந்தாம் ஜார்ஜுக்கு ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம் அத்தை மகன். நிக்கோலஸின் மனைவி அலிக்ஸ் அத்தை மகள். நிக்கோலஸோ சித்தி மகன், முறைக்குத் தம்பி. 1914இல் முதல் உலகப் போரில் இறங்கிய ஜார்ஜ், வில்ஹெல்ம், நிக்கோலஸ் மூன்று பேரையும் ஒரே சொல்லில் அடைப்பதைவிட இது எவ்வளவோ மேல். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், இரண்டாம் எலிசபெத்தின் கணவர் ஃபிலிப்புக்குத் தாய்மாமன்.

சோசா எண்ணால் முடியாதது இந்த அண்ணன் தம்பி விவகாரம்தான். அது மேல்நோக்கி மட்டுமே போகும். சித்தப்பா, அத்தைக்கு அதில் இடம் கிடையாது. கீழ்நோக்கிப் போக தாபோவில் முறை வேண்டும்: விக்டோரியா 1, மூத்த மகள் விக்கி 1.1, எட்வர்ட் 1.2, ஆலிஸ் 1.3. வில்ஹெல்ம் 1.1.1, ஐந்தாம் ஜார்ஜ் 1.2.2, அலிக்ஸ் 1.3.6, அவர் மகன் அலெக்ஸி 1.3.6.5. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா வந்த வழியும் இதில் பளிச்சென்று தெரியும். அலெக்ஸிக்கு அந்த நோய் உறவுக்குள் மணந்ததால் வந்தது என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. அது எக்ஸ் குரோமோசோமில் வருவது, அம்மாவிடமிருந்து மகனுக்கு. அலிக்ஸ் யாரைக் கட்டியிருந்தாலும் மகனுக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான்.

உறவுக்குள் மணக்கத் திருச்சபை தந்த பழைய கத்தோலிக்க அனுமதிப் பத்திரங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் உறவின் தூரத்தைப் படிகளாக எண்ணுவார்கள். பொது முன்னோரிலிருந்து இருவர் வரையும் உள்ள இரண்டு பக்கப் படிகளையும் ரோமச் சட்டம் கூட்டும். திருச்சபை அந்தக் காலத்தில் நீளமான பக்கத்தை மட்டும் எண்ணியது. மாமன் மகன், அத்தை மகள் உறவு ரோமக் கணக்கில் நான்காம் படி, திருச்சபைக் கணக்கில் இரண்டாம் படி. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுக்கூட்டம் உறவுமணத் தடையை ஏழிலிருந்து நான்காம் படிக்குக் குறைத்தது. அந்த நான்கு திருச்சபைக் கணக்கு. 1983 சட்டத்தொகுப்பிலிருந்து திருச்சபையும் கூட்டல் கணக்குக்கு வந்துவிட்டது. எந்தக் கணக்கு என்று குறிக்காமல் 'படி 2' என்று மட்டும் எழுதிவைத்தால் பிறகு பார்க்கும்போது நமக்கே புரியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்பெயினின் சார்லஸில் கைவைக்க வேண்டாம். இன்றைய பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் சார்லஸை 1ஆக வைத்து 63 வரை நிரப்புங்கள். பெயர் வாரியாக வரிசைப்படுத்தினால் நான்கு ஜோடிதான் வர வேண்டும்: ஆல்பர்ட் 46, 48, விக்டோரியா 47, 49, டென்மார்க்கின் ஒன்பதாம் கிறிஸ்டியன் 16, 50, அவர் மனைவி லூயிஸ் 17, 51. இந்த நான்கும் சேர்ந்து 3/256, அதாவது 0.012 சுமார். ஐந்தாவதாக ஒரு ஜோடி வந்தால் எங்கோ ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒருவராகியிருக்கிறார்கள். முதலில் ஹெஸ்ஸ பக்கத்து லூயிஸ்களையும் லுட்விக்குகளையும் பாருங்கள்.