எஃப்பிஎல் 'உள் தகவல்' குரூப்பில் 89 பவுண்ட் கட்டி ஏமாந்தேன், நீங்களும் கட்டிவிடாதீர்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய், இன்னும் கோபம் அடங்கவில்லை. கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இருந்துகொண்டு ஃபேன்டஸி பிரீமியர் லீக் (எஃப்பிஎல்) ஆடுகிற நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: நிஜமான பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களைக் கற்பனைப் பணத்தில் வாங்கி அணி கட்டுவோம், அவர்கள் மேட்சில் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி கிடைக்கும், கேப்டன் ஆக்குகிறவருக்கு இரட்டிப்பு. இந்த வாரம் யாரை இறக்கலாம், யாரை பெஞ்சில் உட்கார வைக்கலாம், யாருக்குக் கேப்டன் பட்டை என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிற ஒரு மெசேஜிங் குரூப்பில் 89 பவுண்ட் கட்டி ஏமாந்தேன். இப்படிப்பட்ட குரூப்பை எப்படி அடையாளம் காண்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு நம் பலவீனம் எது என்று தெரியும். ஒவ்வொரு வாரமும் முதல் மேட்ச் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்னால் டெட்லைன், அதற்குப் பிறகு அணியை மாற்ற முடியாது. அந்த மேட்சின் அணிப்பட்டியலே அதற்குப் பிறகுதான் வெளியாகும். பகல் 12.30க்கு மேட்ச் என்றால் காலை 11 மணிக்கு நம் கதவு மூடிவிடும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே. வாரத்தின் நடுவில் ஐரோப்பியப் போட்டி ஆடிய கிளப் என்றால் கேட்கவே வேண்டாம். மேனேஜர் வெள்ளிக்கிழமை பேட்டியில் "நாளைக்குக் காலையில் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாம் இரவெல்லாம் 'அவன் இறங்குவானா, மாட்டானா' என்று புரண்டுகொண்டிருப்போம். இந்த ஒரு சந்தேகத்தை வைத்துத்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் எங்களுக்குள் ஆடுகிற மினி லீக்கில் 14 பேர். நான் இரண்டாவது இடத்தில் இருந்தேன். முதல் இடத்துக்கும் எனக்கும் 19 புள்ளிதான் வித்தியாசம். ஐந்து வருடமாக ஆடுகிறேன், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று ஒரு வெறி. அந்த நேரத்தில்தான் அந்தக் குரூப்பின் இலவசச் சேனல் கண்ணில் பட்டது. தமிழில் பேசுகிறார்கள், டெட்லைனுக்கு முன்பே பதினொரு பேரையும் சொல்லிவிடுகிறார்கள் என்று விளம்பரம்.

சும்மா நம்பிவிடவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். முதல் வாரம் ஒரு கோல்கீப்பர் மாற்றத்தை வெள்ளிக்கிழமை இரவே சொல்லியிருந்தார்கள். மெசேஜில் நேரம் பதிவாகியிருந்தது, மறுநாள் அப்படியே நடந்தது. அடுத்த வாரம் ஒரு விங்கர் பெஞ்சில் இருப்பான் என்றார்கள், அதுவும் சரி. "நேரத்தைப் பாருங்க அண்ணா, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்" என்று அட்மின் தனியாக எனக்கு அனுப்பினான். நேரம் பொய் சொல்லாது என்று நானும் நினைத்தேன்.

பணம் கட்டியது வியாழக்கிழமை மாலை. மகள் நீச்சல் வகுப்பில் இருந்தாள், நான் வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். மழை, கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அட்மின் ஃபோனில் கூப்பிட்டான். பதினொரு நிமிடம் பேசினான். குரலில் அவ்வளவு மரியாதை. பின்னால் ஒரு குழந்தையின் சத்தம் கேட்டது. "என் பொண்ணு அண்ணா, தூங்க மாட்டேங்குறா" என்றான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கால்பந்தைப் பற்றி அவன் சொன்ன எதிலும் இல்லை, இந்த ஒரு வார்த்தையில்தான் நம்பினேன். நம்மைப் போல ஒரு குடும்பஸ்தன், ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறான் என்று மனம் இளகிவிட்டது.

சீசன் முழுவதற்கும் 89 பவுண்ட். கடைசியில் முதல் ஒரு லட்சம் ரேங்குக்குள் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருவோம் என்றான். கார்டில் கட்டுகிறேன் என்றேன். "கார்டு பேஜ்ல ஒரு சின்னப் பிரச்சினை அண்ணா, பேங்க் ட்ரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க" என்றான். கணக்கு எண்ணைப் போட்டதும் என் வங்கி ஆப் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது, பெயர் பொருந்தவில்லை என்று. கேட்டேன். "அது கம்பெனி அக்கவுண்ட், அப்படித்தான் காட்டும், தைரியமா அனுப்புங்க அண்ணா" என்றான். 'தொடரவும்' என்ற பட்டனை என் விரலாலேயே அழுத்தினேன். 89 பவுண்ட் போய்விட்டது. அந்தச் சிவப்பு எழுத்து இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு 9.40க்கு கட்டண குரூப்பில் மெசேஜ் வந்தது. ஒரு பெரிய கிளப்பின் ஸ்ட்ரைக்கருக்கு ஓய்வு, நூறு சதவீதம் உறுதி, விற்றுவிடுங்கள். வேறொரு கிளப்பின் மிட்ஃபீல்டரை வாங்கி ட்ரிபிள் கேப்டன் போடுங்கள் (அந்த வாரம் கேப்டனின் புள்ளியை மூன்று மடங்காக்குகிற சிப், அதாவது சிறப்புச் சலுகை). பெயர்களைச் சொன்னால் எந்த வாரம், யார் எழுதுகிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அதனால் விடுகிறேன். எனக்கு ஒரு இலவச ட்ரான்ஸ்ஃபர்தான், அதாவது புள்ளி இழக்காமல் ஒரே ஒரு வீரரை மாற்றும் வாய்ப்புதான் கையில் இருந்தது. அவன் சொன்னபடி மூன்று பேரை மாற்றினேன். கூடுதலாக மாற்றுகிற ஒவ்வொருவருக்கும் நான்கு புள்ளி கழிப்பார்கள், அப்படி எட்டுப் புள்ளி போனது. 2025/26 சீசனில் ட்ரிபிள் கேப்டன் சிப் இரண்டு தந்திருக்கிறார்கள், முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று. முதல் பாதிக்கானதை அன்றிரவே தூக்கிப் போட்டேன்.

அதோடு விடவில்லை. அந்த மெசேஜைக் காப்பி செய்து மச்சானுக்கும் அனுப்பினேன். "மச்சான், உறுதியான தகவல், யாரிடமும் சொல்லாதே." அவனும் அவன் லீக்கில் அப்படியே செய்தான். என் பேச்சை நம்பி.

சனிக்கிழமை. ஓய்வு என்று சொன்ன ஸ்ட்ரைக்கர் முதல் நிமிடத்திலிருந்து ஆடினான். இரண்டு கோல், அதற்கு மேல் மூன்று போனஸ். மொத்தம் 13 புள்ளி. அந்த சிப்பை அவன் மேல் போட்டிருந்தால் 39. நான் பட்டை கட்டிய மிட்ஃபீல்டர் பெஞ்சிலிருந்து எழுந்து கடைசி இருபது நிமிடம் ஓடினான். 60 நிமிடத்துக்குக் குறைவாக ஆடினால் ஒரே புள்ளி, அதை மூன்றால் பெருக்கினால் மூன்று. அவன் களத்துக்குள் வராமலே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பட்டை துணைக் கேப்டனுக்குப் போயிருக்கும். எல்லாம் கழித்து அந்த வாரம் எனக்கு 23. இரண்டாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடம்.

தவறான கணிப்பு யாருக்கும் வரும், அதற்காக நான் இவ்வளவு எழுத மாட்டேன். எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

சனிக்கிழமை மாலை அட்மினுக்கு எழுதினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில். "இது வேரியன்ஸ் அண்ணா, டென்ஷன் ஆகாதீங்க." அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் என்கிறான். நூறு சதவீதம் உறுதி என்றாயே, வேரியன்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ப்ரோ, லாங் டெர்ம் பாருங்க" என்று வந்தது. அண்ணா போய் ப்ரோ ஆகிவிட்டேன். எனக்கு இது சரிப்படாது, 89 பவுண்டைத் திருப்பிக் கொடு என்றேன். ஞாயிறு காலை, "அன்புள்ள உறுப்பினரே, உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு எண்ணோடு பதில். அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கேட்டேன். 38 வாரமும் சொன்ன ஒவ்வொரு மாற்றத்தையும் மெசேஜ் வந்த 30 நிமிடத்துக்குள் செய்திருந்தால் மட்டுமே பணம் திரும்பும், அதுவும் சீசன் முடிந்த பிறகு என்றார்கள். பணம் வாங்கும்போது இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ரிங்கே போகவில்லை.

ஞாயிறு மதியம் அந்த வெள்ளிக்கிழமை மெசேஜை எடுத்துக் காட்டலாம் என்று குரூப்பைத் திறந்தேன். மெசேஜ் இல்லை. மேலே கீழே தேடினேன், சுவடே இல்லை. சந்தேகம் வந்து அவர்களுடைய இலவசச் சேனலைத் திறந்தேன். பணம் கட்டியதும் அதை மியூட்டில் போட்டிருந்தேன். அங்கே வெள்ளிக்கிழமை இரவு 9.52 என்ற நேரத்தோடு ஒரு மெசேஜ்: அதே ஸ்ட்ரைக்கர் கட்டாயம் இறங்குவான், கேப்டன் போடுங்கள். கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல் பொம்மைகள்.

அப்போதுதான் சூட்சுமம் புரிந்தது. ஒரு இடத்தில் இறங்குவான், இன்னொரு இடத்தில் இறங்க மாட்டான் என்று இரண்டையும் போட்டுவிடுவது. மேட்ச் முடிந்ததும் பொய்த்ததை அழித்துவிட்டு, பலித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த ஆளுக்கு அனுப்புவது. நேரம் உண்மையானதுதான். அழித்த மெசேஜ் மட்டும் யார் கண்ணிலும் படாது. எனக்குக் காட்டிய கோல்கீப்பரும் விங்கரும் இப்படி வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நல்ல வேளை, மச்சானுக்கு அனுப்பிய காப்பி அவன் ஃபோனில் இருக்கிறது. இல்லாவிட்டால் நானே கனவு கண்டேனோ என்று நினைத்திருப்பேன்.

மச்சானிடமிருந்த காப்பியையும் சேனலில் இருந்த மெசேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்மினுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள், பிறகு பிளாக். மற்ற உறுப்பினர்களிடம் சொல்லவும் வழி இல்லை, அந்தக் குரூப்பில் அட்மினைத் தவிர யாரும் எழுத முடியாது. அமைதியாக இருக்கிறார்கள், அதனால் எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று நான் அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வங்கிக்குக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பேசிய பெண்மணி பொறுமையாகத்தான் கேட்டார். 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்து நாமே அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது, 85,000 பவுண்ட் வரை. அந்த நம்பிக்கையில்தான் கூப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 100 பவுண்ட் வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. என்னுடையது 89. "பெயர் பொருந்தவில்லை என்று நாங்கள் எச்சரித்தோமே" என்றும் சொன்னார். பதில் சொல்ல வாய் வரவில்லை. 89 என்று அவர்கள் விலை வைத்தது இந்த 100ஐ மனதில் வைத்துத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனால் தோன்றுகிறது. கணக்கு எண்ணைக் கொடுத்து மோசடிப் புகாராகப் பதிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

89 பவுண்ட் பெரிய பணமா என்று மனைவி கேட்கவில்லை. மகளின் நீச்சல் வகுப்புக்கு அடுத்த தவணை எப்போது கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அது இதைவிட மோசமாக இருந்தது. மச்சான் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை, "விடு மச்சான், ஆட்டம்தானே" என்றான். அவனும் அவன் சிப்பை என் பேச்சைக் கேட்டுத்தான் வீணடித்தான்.

இன்னொரு நஷ்டம் இருக்கிறது. நான் விற்ற இன்னொருவனை ஆட்டத்தின் கற்பனைப் பணத்தில் 7.5 மில்லியனுக்கு வாங்கியிருந்தேன், அவன் விலை 7.9 ஆகியிருந்தது. ஏறிய விலையில் பாதிதான் விற்கும்போது கைக்கு வரும் என்பதால் 7.7 கிடைத்தது. இப்போது திரும்ப வாங்க வேண்டுமென்றால் 7.9 கொடுக்க வேண்டும். அந்த ஸ்ட்ரைக்கர் விஷயத்திலும் இதே கதை. 100 மில்லியனுக்குள் ஒவ்வொரு பத்தாம் பங்கையும் எண்ணி எண்ணிக் கட்டிய அணி, ஒரே இரவில் கலைந்துவிட்டது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத எழுதக் கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிப்பட்டியல் முன்கூட்டியே தெரியும் என்று சொல்லி யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். காயம், தடை விவரமெல்லாம் ஆட்டத்தின் தளத்திலேயே மஞ்சள், சிவப்புக் குறியோடு இலவசமாக இருக்கிறது, பெனால்டி யார் அடிப்பார் என்றும் அங்கேயே போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர்களின் பேட்டியும் இலவசம். கார்டு வேலை செய்யவில்லை, ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் பொருந்தவில்லை என்று வங்கி சொன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். அட்மின் மட்டும் எழுதுகிற குரூப்பில் சேராதீர்கள். வருகிற மெசேஜை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இப்படி 89 பவுண்ட் கட்டிய யாராவது இதைப் படித்தால், உங்கள் குரூப்பையும் அவர்களுடைய இலவசச் சேனலையும் இந்த வெள்ளிக்கிழமை இரவு பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அப்போதே படம் எடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை அது அங்கே இருக்காது.