ராஸ்பெர்ரி பை பைகோ: 4 டாலர் போர்டை எவ்வளவு விரட்டலாம்?

ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டான பைகோவில் எத்தனை பின், எத்தனை ஏடிசி, மைக்ரோபைத்தான் (மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தான்) எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் 2021 ஜனவரியில் போர்டு வெளிவந்த கையோடு ஊரெல்லாம் எழுதித் தீர்த்தாயிற்று, அதை நான் தொடப்போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டினால், அதாவது ஓவர்க்ளாக் செய்தால், தாங்குமா, தாங்கினால் அதில் லாபம் உண்டா? சிப் தாராளமாகத் தாங்கும். பக்கத்தில் இருக்கிற, புரோகிராமைச் சேமித்து வைக்கும் ஃப்ளாஷ்தான் முதலில் மூச்சு வாங்கும். லாபம் உண்டா என்பது நீங்கள் என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

உள்ளே இருப்பது ஆர்பி2040. இரண்டு கார்டெக்ஸ் எம்0+ கோர், 264 கேபி ரேம், 40 நானோமீட்டரில் செய்த சிப். முதலில் அறிவித்த உச்சம் 133 மெகாஹெர்ட்ஸ், எஸ்டிகே (நிறுவனம் தரும் மென்பொருள் தொகுப்பு) தானாக வைப்பது 125. இதில் 250 வைக்க மைக்ரோபைத்தானில் ஒரே வரி போதும், ஆர்டுயினோவில் மெனுவிலேயே வேகம் தேர்ந்தெடுக்கலாம். இவ்வளவு சுலபமாக இரட்டை வேகம் தரும் மைக்ரோகன்ட்ரோலர் இந்த விலையில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் நினைத்த எண்ணையெல்லாம் வைக்க முடியாது. போர்டில் இருப்பது 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். சிப்புக்குள் கிளாக்கை உண்டாக்கும் பிஎல்எல் என்ற சர்க்யூட் அதை முழு எண்ணால் பெருக்கி 750-க்கும் 1600-க்கும் நடுவில் ஒரு வேகத்துக்குக் கொண்டுபோகும், அப்புறம் 1 முதல் 7 வரையிலான இரண்டு எண்களால் வகுக்கும். 250 வேண்டுமா, 12-ஐ 125-ஆல் பெருக்கினால் 1500, அதை 6-ஆல் வகுத்தால் சரியாக வந்துவிடும். 251 கேட்டால் எப்படிப் போட்டாலும் கணக்கு ஒத்துவராது, முடியாது என்று மறுத்துவிடும். போர்டு பழுதோ என்று பயப்பட வேண்டாம்.

வோல்டேஜ் விஷயத்தில் இந்த சிப் ரொம்ப வசதி. கோருக்கான ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது, வழக்கமாக 1.10 வோல்ட், மென்பொருளிலேயே 0.05 படியாக 1.30 வரை ஏற்றலாம். சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். வரிசை மட்டும் முக்கியம்: ஏற்றும்போது முதலில் வோல்டேஜ், கொஞ்சம் பொறுத்து கிளாக், இறக்கும்போது முதலில் கிளாக், பிறகு வோல்டேஜ். என் போர்டுகளில் 250 வரைக்கும் 1.20 போதுமானதாக இருக்கிறது. எடுத்த எடுப்பில் 1.30 வைப்பவர்களைப் பார்க்கிறேன், அது வீண். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், 1.10-லிருந்து 1.30-க்குப் போனால் அதே வேகத்திலேயே ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். பேட்டரியில் ஓடுகிற கருவி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சூட்டைப் பற்றிய பயம் வேண்டாம், 1.20-இல் விரல் வைத்தால் வெதுவெதுப்புகூடச் சரியாகத் தெரியாது. குட்டி ஹீட்சிங்க் ஒட்டிப் படம் போடுவது அழகுக்குத்தான்.

இனி ஃப்ளாஷ். ஆர்பி2040-க்குள் ஃப்ளாஷ் கிடையாது. புரோகிராம் இருப்பது வெளியே தனியாக ஒட்டியிருக்கும் வின்பாண்ட் 2 எம்பி சிப்பில், கோர் அங்கிருந்துதான் எடுத்து எடுத்து ஓட்டும். அந்த ஃப்ளாஷ் ஓடும் வேகம் சிஸ்டம் கிளாக்கில் பாதி: 125-இல் 62.5, 250-இல் 125. அதன் டேட்டாஷீட் உச்சம் 133. ஆக 266-ஐத் தாண்டினாலே ஃப்ளாஷும் ஓவர்க்ளாக்கில்தான் ஓடுகிறது. பல போர்டு 270-இல் ஒன்றும் சொல்லாமல் ஓடும், இன்னும் மேலே போகப் போக ஜோதிடம்தான். கோர் இன்னும் தெம்பாக இருக்கும்போதே ஃப்ளாஷிலிருந்து ஒரு பிட் தப்பாக வந்து மொத்தமும் உறைந்து நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ‘சிப் தாங்கவில்லை’ என்று மேலும் வோல்டேஜ் ஏற்றுவது தவறான மருந்து. பாதிக்குப் பதில் நாலில் ஒரு பங்கு என்று வகுத்தியை மாற்ற வேண்டும். அது ஃப்ளாஷின் முதல் 256 பைட்டில் இருக்கும் பூட் பகுதியில் பதிந்திருப்பதால் பழைய பதிப்பு மைக்ரோபைத்தான் வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேரையே புதிதாக பில்ட் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கேதான் ஏமாற்றமும். 250-இல் நாலால் வகுத்தால் ஃப்ளாஷ் வேகம் 62.5, அதாவது பழைய வேகமேதான். மாஸ்டர் எவ்வளவு வேகமாகப் பரோட்டா வீசினாலும் மாவு பிசைந்து தருபவர் பழைய வேகத்தில் இருந்தால் கல் காலியாகத்தான் கிடக்கும். ஃப்ளாஷிலிருந்து எடுத்ததைச் சிப்புக்குள்ளேயே தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் 16 கேபி கேஷுக்குள் அடங்கும் சின்ன லூப் என்றால் இரட்டை வேகம் தெரியும், அதைவிடப் பெரிய புரோகிராம் என்றால் எதிர்பார்த்ததில் பாதிகூட வராது. எஸ்டிகேயில் மொத்த புரோகிராமையும் ரேமுக்கு நகர்த்தி ஓட்டும் வசதி இருக்கிறது, ஓவர்க்ளாக் செய்பவர்கள் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். 264 கேபி கைக்கு அடக்கமான வேலைக்குப் போதும்.

இன்னொரு குழப்பம் எஸ்பிஐ, அதாவது டிஸ்ப்ளே போன்றவற்றோடு சிப் பேசும் இணைப்பு. எஸ்டிகேயில் கிளாக்கை மாற்றினால் எஸ்பிஐ, யுவார்ட் (சீரியல் இணைப்பு) இரண்டுக்கும் போகிற கிளாக் 48 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளும், எஸ்பிஐ அதில் பாதியான 24-ஐத் தாண்டாது. டிஸ்ப்ளே வேகமாகட்டும் என்று ஓவர்க்ளாக் செய்தால் டிஸ்ப்ளே முன்னைவிட மந்தமாகும், தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் விஷயம் இது. அந்தக் கிளாக்கைத் திரும்ப சிஸ்டம் கிளாக்கோடு இணைத்தால் சரியாகிவிடும். யுஎஸ்பிக்குத் தனி பிஎல்எல் இருப்பதால் அது பாட்டுக்கு ஓடும்.

இத்தனைக்கும் பலன் எங்கே என்றால், பிஐஓவில், அதாவது கோரைத் தொந்தரவு செய்யாமல் பின்களை நேராக இயக்கும் சிப்பின் தனிப் பகுதியில். பைகோவிலிருந்து மானிட்டருக்குப் படம் அனுப்ப லூக் ரென் செய்த பைகோடிவிஐ இதற்கு நல்ல சாட்சி. 640க்கு 480 படத்துக்கு பிக்சல் கிளாக் 25.2, ஒரு பிக்சலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 10 பிட், ஆக நிறத்துக்கு நொடிக்கு 252 மில்லியன் பிட். சிப்பை 252-இல் ஓட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் கிளாக்குக்கு ஒரு பிட் என்று நேராக மானிட்டருக்குத் தள்ளுகிறார். வீடியோ சர்க்யூட்டே இல்லாத 4 டாலர் போர்டிலிருந்து படம் தெரிவதைப் பார்த்தால் ஓவர்க்ளாக் எதற்கு என்ற கேள்வியே எழாது. மற்றபடி வெப்பநிலை அளக்க, ரிலே போட, எல்இடி மினுக்க 250 வைப்பது வெட்டி வேலை.

எந்த வேகம் பத்திரம் என்று கண்டுபிடிக்க, ஹேங் ஆகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பெரிய டேட்டா பிளாக்குக்கு 125-இல் சிஆர்சி (ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு வைத்துக்கொண்டு, வேகத்தை ஏற்றியபின் அதையே இரவு முழுக்கத் திரும்பத் திரும்பக் கணக்கிடச் சொல்லி ஒப்பிடுங்கள். விளிம்பில் இருக்கும் சிப் ஓடிக்கொண்டேதான் இருக்கும், விடை மட்டும் எப்போதாவது தப்பும். தப்பினால் ஒரு படி கீழே இறங்குங்கள். எல்லை மீறி உறைந்துபோனாலும் போர்டில் இருக்கும் பூட்செல் பட்டனை அமுக்கிக்கொண்டு யுஎஸ்பி கேபிளைச் செருகினால் போதும், பூட் ரோமை யாராலும் அழிக்க முடியாது என்பதால் போர்டு மறுபடி கம்ப்யூட்டரில் யுஎஸ்பி டிரைவாக வந்து நிற்கும். விளையாடிப் பழக இதைவிடத் தைரியமான போர்டு இல்லை.

2025 பிப்ரவரியில் எஸ்டிகே 2.1.1-ஓடு நிறுவனமே 1.15 வோல்டில் 200 மெகாஹெர்ட்ஸுக்கு அதிகாரபூர்வமாக ஒப்புதல் கொடுத்துவிட்டது. பழைய போர்டுக்கும் அது பொருந்தும், பைசா செலவில்லை. யாருக்காவது செய்து கொடுக்கும் கருவி என்றால் 200-இல் நின்றுகொள்ளுங்கள், 250 எல்லாம் சொந்த மேசைக்கு. வாங்கும்போது மலிவு நகல் போர்டுகளைக் கவனியுங்கள். ஒரு ஆன்லைன் கடையில் வாங்கியதில் வேறு ஏதோ பெயர் தெரியாத ஃப்ளாஷ் ஒட்டியிருந்தது, வழக்கமான வேகத்தில் ஒழுங்காக ஓடியது, 200-ஐத் தாண்டியதும் தகராறு.

மிதப்புள்ளிக் கணக்கு (தசமப் புள்ளியோடு வரும் எண்களின் கணக்கு) நிறைய இருக்கிறதென்றால் இதை விரட்டிப் பிரயோஜனமில்லை, எம்0+-இல் அதற்கான ஹார்டுவேரே கிடையாது. 1 டாலர் கூடப் போட்டு பைகோ 2 வாங்குங்கள். அதில் எம்33 கோர், 520 கேபி ரேம், 150-இலேயே அந்தக் கணக்குகளை இது 250-இல் செய்வதைவிட வேகமாக முடிக்கும். அதையும் விரட்டலாம், அது தனிக் கதை.