கிளினிக் கொப்பியின் பின்பக்கம்

பத்து நாள் லீவில் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரான ஆரையம்பதிக்குப் போனேன். அதில் ஆறு நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது, டயலிசிஸ் தொடங்கவேண்டும். கையில் பிஸ்துலா செய்து, அதாவது நாடியையும் நாளத்தையும் இணைத்து, அது ஊசி ஏற்றுமளவுக்குத் தேறக் கிழமைக்கணக்கில் ஆகுமாம். அதுவரைக்கும் கழுத்தால் ஒரு குழாய் போடுவோம் என்றார்கள்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எக்ஸ்ரேக்குக் காலை 8 மணிக்குப் போனோம், கூப்பிட்டது 11.30க்கு. சக்கர நாற்காலியில் கால்வைக்கும் தட்டு இல்லை. அம்மா இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தபடியே போனார். போட்டோகொப்பிக்கு இரண்டு தரம் வெளியே ஓடினேன். சரி, லண்டனிலும் காத்திருந்து பழகியவன்தானே.

ஆனால் லண்டனில் என் கையில் ஒரு துண்டுப்பிரசுரம்தான் தருவார்கள். இங்கே குழாய் போடுவதற்கு முதல்நாள் ஓர் இளம் டொக்டர் கட்டில் ஓரத்தில் வந்திருந்து, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறினார். ஓ.எல். விஞ்ஞானத்தில் நான் மனப்பாடம் செய்து மறந்த அதே மேற்பெருநாளம், உடம்பின் மேற்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய இரத்தக்குழாய்.

தலை, கழுத்து, கைகளின் இரத்தம் வலது, இடது என்று இரண்டு நாளங்களில் வந்து, வலப்பக்க முதலாம் விலாவின் குருத்தெலும்புக்குப் பின்னால் ஒன்றாகிறது. அங்கிருந்து நேரே கீழே ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் இறங்கி, மூன்றாம் விலா மட்டத்தில் இதயத்தின் வலது மேலறையான வலது சோணையறைக்குள் திறக்கிறது. அகலம் 2 சென்டிமீட்டரளவு, வால்வு கிடையாது. இரத்தம் தாராளமாக ஓடுவதால் குழாயின் நுனி அதன் கீழ்முனையில் நிற்கவேண்டுமாம்.

ஏன் வலக்கழுத்து என்று கேட்டேன். இடது நாளம் மார்பெலும்புக்குப் பின்னால் குறுக்கே கடந்து வருகிறது. வலதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். வலப்பக்கம் என்றால் நேர் வழி.

அதுவரை பேசாமலிருந்த அம்மா கேட்டார்: "அது அடைச்சா என்ன தம்பி செய்யிற?"

"கல்லடிப் பாலம் அடைச்சா டவுனிலிருந்து வீட்டுக்கு எப்படிம்மா போவீங்க?"

"வலையிறவால படுவான்கரைக்குப் போய், மண்முனைப் பாலத்தால வருவன்."

"அதேதான்."

மேற்பெருநாளத்தின் பின்பக்கத்தில் அசைகஸ் என்றொரு நாளம் வந்து சேர்கிறது. அதற்கு மேலே அடைப்பு வந்தால், இரத்தம் நெஞ்சுச் சுவரின் சிறு நாளங்களால் சுற்றிவந்து அசைகஸ் வழியே இறங்கப் பார்க்கும். ஆனால் சின்ன றோட்டு, நெரிசல்தான். முகமும் கழுத்தும் கைகளும் வீங்கும். அப்படிக் கண்டால் அடுத்த கிளினிக்வரை பார்த்திராமல் உடனே வரச்சொன்னார்.

மறுநாள் குழாய் போட்டபின் எடுத்த எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வலக்கழுத்தால் இறங்கும் வெள்ளைக் கோட்டின் நுனியை டொக்டர் பேனையால் தொட்டுக் காட்டினார். கண்ணாடியை வீட்டில் விட்டுவந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பாலத்துக்கு அங்கால போயிட்டா?" என்று மட்டும் கேட்டார்.